நா எழாதவரோடு பேசுதல்
(ஜூபிலி ஆண்டு நோயாளர் தினத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



முதல் வெள்ளிதோறும் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்கையில் நாம் காண்பது இது: பக்கவாதம் கண்டவரைக் கைகால் விழுந்ததைக் காட்டிலும் வாயடைத்துப்போனதே அதிகம் வாட்டுகிறது. "அவருக்கு ஒன்றும் புரியாது சாமி" என்று அவர் காதுபடவே வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். மூளையில் பேச்சை ஆளும் பகுதி பழுதுபட்டால் சொல் வராது. சிலருக்குப் பிறர் பேச்சை விளங்கிக்கொள்வதும் குறையும். அதனால் பாசமும் மானமும் போய்விட்டன என்று யார் சொன்னது?

1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் கண்டார். அமெரிக்காவில் சிகிச்சை பெற்று, 1985 பிப்ரவரியில் திரும்பி மீண்டும் பதவியேற்றார். பேச்சு பழையபடி திரும்பவில்லை. ஆயினும் 1987 டிசம்பரில் இறக்கும்வரை அவரே முதலமைச்சர். அத்தனை வசதி நமக்கேது என்பீர்கள். நியாயந்தான், நாம் கேட்பது பொறுமை ஒன்றையே.

வாய் கோணி, கை தொய்ந்து, பேச்சு குழறினால் புறா இரத்தம் தேடி அலையாதீர்கள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். இரத்தக்கசிவு இல்லையென்று பார்த்த பிறகே அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அதை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயமுண்டு. 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த ஊர் திருத்தணி. பல வீடுகளில் அடுப்பங்கரைப் பேச்சு தெலுங்கு, தெருப்பேச்சு தமிழ். இருமொழி பேசுவோருக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே தேறும். சிலருக்கு ஒன்று முந்தும், மற்றது பிந்தும். ஆகவே தமிழில் கேட்டுப் பதில் வராவிட்டால் தெலுங்கில் கேளுங்கள்.

தன் பெயரைச் சொல்லமாட்டாதவர் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடுவார். செபமாலையில் மங்கள வார்த்தையை நம்மோடு சொல்லிவிடுவார். உடனே புதுமை என்கிறோம்! மனப்பாடமான சொல்லும் பாட்டும் இப்படித் தப்பிப் பிழைப்பதுண்டு என்கிறார்கள் மருத்துவர்கள். அதையே பயிற்சிக்குப் பிடிமானமாக்குங்கள். சிறு கேள்வியாகக் கேளுங்கள். அவர் சொல்லைத் தேடும்போது முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். முதல் சில மாதங்களில் தேர்ச்சி வேகமாயிருக்கும், பிறகு மெதுவாகும். அப்போது பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

நோயாளரைச் சந்திக்கச் செல்லும் நம் குழுவில் தெலுங்கு சரளமாகப் பேசுவோர் போதவில்லை. வர இசைவுள்ளோர் ஞாயிறு பூசைக்குப்பின் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.