மொய் நோட்டும் மெட்ரோ ரயிலும்

நகரத்து ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மத்திய அரசு பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி கேட்டார்: "சென்னைக்காரன் ஏ.சி. ரயில்ல போக, சிவகங்கை விவசாயி எதுக்கய்யா வரி கட்டணும்?" எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டிட்டுத்தான் யோசிச்சேன். அந்தச் சிவகங்கை விவசாயி, மகனைப் பார்க்க ராத்திரி பஸ் ஏறி, விடியக்காலம் நாலு மணிக்குக் கிளாம்பாக்கத்துல இறங்குறார். மெட்ரோ ரயில் விமான நிலையத்தோட நின்னு போச்சு. ஆட்டோகிட்டப் போனா, ஊர்லேர்ந்து இங்க வர ஆன டிக்கெட்டை விட, மகன் வீட்டுக்குப் போக அதிகமா கேக்குறாங்க. பெரியவர் சொல்றார்: "ஏம்பா, நான் சிவகங்கைக்குத் திரும்பிப் போகல, இப்பத்தான் வந்தேன்!" (சிரிப்பு)

நகரத்து ரயில் நகரத்தானுக்கு மட்டும் ஓடுவதில்லை, தம்பி. சித்தாள் வேலைக்கு விழுப்புரத்திலிருந்து வந்த அம்மாவும் அதில்தான் போகிறார்.

அந்த விவசாயியின் மகன் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிறான். லிட்டருக்கு லிட்டர் மத்திய அரசுக்குக் கலால் வரி போகிறது. அதில் பெரும்பகுதி 'செஸ்', 'சர்சார்ஜ்' என்ற பெயர்களில். செஸ், சர்சார்ஜ் வருமானத்தில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. சிக்னல்ல நின்னு நின்னு எரியுற பெட்ரோலுக்கும் சேர்த்துத்தான் வரி. நெரிசல்ல வருமானம் உனக்கு, நெரிசலைத் தீர்க்கிற செலவு மட்டும் எனக்கா? பங்காளி கேக்குறதுக்குப் பேரு பிச்சை இல்லீங்க, பாகப்பிரிவினை. (கைதட்டல்)

சென்னை மெட்ரோ நிறுவனத்தில் மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதிப் பங்குதாரர்கள். டெல்லியிலும் அதே ஏற்பாடுதான். ஆனால் சென்னையின் இரண்டாம் கட்டத்துக்கு என்ன ஆச்சு? 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி ரூபாய். மத்திய உள்துறை அமைச்சரே வந்து அடிக்கல் நாட்டியது 2020 நவம்பர். மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர். கல்லு நட்ட அன்னைக்குப் பொறந்த குழந்தை எல்.கே.ஜி. சேர்ந்தாச்சு! அதுவரை மாநில அரசுதான் இழுத்துப் பிடித்து ஓட்டியது.

ஒப்புதல் வந்தபோது, செலவில் ஏறத்தாழ 65 சதவீதம் மத்திய அரசு என்று அறிவித்தார்கள். எனக்கும் சந்தோஷம். கணக்கைப் பிரிச்சுப் பார்த்தேன். 33,593 கோடி கடன். பங்கு மூலதனமும் சார்நிலைக் கடனுமாக 7,425 கோடி. மாநில அரசு 22,228 கோடி. அந்தப் பெரிய கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது மெட்ரோ நிறுவனம். அதால் முடியாவிட்டால் மாநில அரசு கைகொடுக்க வேண்டும். நம்ம ஊர்க் கல்யாணத்துல மாமா கைமாத்தாக் கொடுத்ததை யாராவது மொய் நோட்டுல எழுதுவாங்களா? (பலத்த சிரிப்பு) ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மத்திய அரசு தன் பொறுப்பில் கடனை எடுத்துக்கொண்டால், மாநிலத்தின் கடன் வரம்பில் அந்தச் சுமை ஏறாது. அது பெரிய உதவிதான். மறுக்கவில்லை.

"பணம் கொடுக்கிறவன் அதிகாரம் பண்ணுவான்" என்றார் எதிரணிச் சகோதரி. உண்மைதான் அம்மா. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்கள் திரும்பி வந்தன. சொன்ன காரணங்களில் ஒன்று, 2011 கணக்குப்படி அந்த நகரங்களில் 20 லட்சம் பேர் இல்லை என்பது. பாவாடை கட்டின வயசுல எடுத்த அளவை வெச்சுக் கல்யாண ரவிக்கை தைக்கிற கதை! அதற்காகத் துணியே வேண்டாம் என்பீர்களா, புதுசா அளவு எடுக்கச் சொல்வீர்களா?

பஸ்ஸையும் நான் விடவில்லை. மெட்ரோவுக்குக் கல் நாட்டக் கூட்டம் வருது. டவுன் பஸ்ஸுக்கு எவரும் கல் நாட்டுறதில்லை. 2009இல் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தில் நகரப் பேருந்துகள் வாங்க மத்திய அரசு பணம் கொடுத்தது. அதை வருஷா வருஷம் கொடுக்கிற வழக்கமாக்க வேண்டும். நாலு வருஷம் டெல்லி வாசல்ல காத்து நின்னு வாங்குற மாதிரி இருக்கக் கூடாது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். பெரியவர் இன்னும் கிளாம்பாக்கத்துலதான் பேரம் பேசிக்கிட்டிருக்கார். தீர்ப்பு சொல்லும்போது அவரையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க ஐயா.