குடிபெயர்ந்த இளவரசன்

அல்சூரில் வாழும் நமக்குக் குடிபெயர்தல் புதிதன்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், குடிபெயர்ந்த கணினி ஆட்டம் ஒன்றைப் பற்றி இன்று சொல்வோம்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கென ஜோர்டன் மெக்னர் இயற்றியது. தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து, அப்படத்தைப் பார்த்தே இளவரசனின் அசைவுகளை அவர் வரைந்தார். 1982-இல் வெளிவந்த கமடோர் 64 வீட்டுக் கணினியில் அதனைக் காண விழைந்தார் அன்பர் ஒருவர். மூலநிரல் கிட்டவில்லை. பொறிக்குரிய எண்களையே படித்துப் பொருளுணர்ந்து, 2011-இல் ஆட்டத்தை அங்கே குடியேற்றினார். மறு ஆண்டு மூலநிரல் மெக்னரின் தந்தையார் வீட்டில் அகப்பட்டு, வெளியாயிற்று. அதன் துணையால் 2018-இல் பிபிசி மாஸ்டர் கணினிக்கும் ஆட்டம் சென்றது. 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டம் நம் பள்ளிகளுக்கு அளித்த பிபிசி கணினியின் இனத்தது அது.

மூன்று கணினிகளின் செயலிகளும் 6502 என்னும் ஒரே குடும்பத்தவை. ஆதலின் இளவரசனின் நடை மாறவில்லை. திரையும் ஒலியும் வேறாதலால், ஓவியத்தையும் இசையையும் அவற்றுக்கேற்பத் திருத்த வேண்டியதாயிற்று.

வழக்கொழிந்த பொறிக்காக ஊதியமின்றி இத்துணை உழைப்பு! அயல் மாநிலத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழைக் கொடுக்கையில், எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்று நாமும் அவ்வன்பர்களைப் போல் பொறுமையாகத் தேர்ந்தறிய வேண்டும்.