முன்னேற்பாடின்மை தவக்குல் ஆகாது

 



பயணத்திற்கு முன்னேற்பாடு செய்வது இறைநம்பிக்கையைக் குறைக்குமா என்று கேட்போர் உண்டு. இக்கேள்விக்குரிய விடையை இங்கிலாந்தின் மலைப்பகுதி ஒன்றிலிருந்து இன்று சிந்திப்போம்.

ஏமாற்றும் உயரம்

இங்கிலாந்தின் வடமேற்கில் 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்னும் மலைநாடு உள்ளது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக் அங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 978 மீட்டர். ஒரே பகலில் ஏறி இறங்கிவிடலாம் என்ற எண்ணத்தை இந்த உயரமே பலருக்கு ஊட்டிவிடுகிறது. ஆனால் குளிர்காலத்தில் அடிவாரத்தில் தூறலாக இருப்பது உச்சியில் பனிப்புயலாக இருக்கக்கூடும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறது. இதை எண்ணிப் பாராமல், ஓட்டக் காலணியும் பருத்தி ஆடையும் அணிந்து, நண்பகலுக்குப் பின் ஏறத் தொடங்குவோர் உள்ளனர். செல்பேசியே அவர்களுக்கு வரைபடம்; அதுவே விளக்கு. கடுங்குளிரில் அதன் பேட்டரி விரைவில் ஓய்ந்துவிட்டால் வழியும் இல்லை, வெளிச்சமும் இல்லை, உதவி கோர வகையும் இல்லை.

நனைந்த பருத்தி ஆடையின் மீது காற்று வீசும்போது உடலின் சூடு வேகமாக வெளியேறுகிறது. ஏறத்தாழ 37 டிகிரி இருக்க வேண்டிய உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது. முதலில் நடுக்கம்; பின்னர் நாக்குழறல், தடுமாற்றம், அறிவு மயக்கம். குளிர் நீங்காமலேயே நடுக்கம் நின்றுவிட்டால், உடல் போராடும் வலிமையை இழந்துவிட்டது என்று பொருள்.

யார் தோளில் இச்சுமை?

இத்தகையோர் அபயக்குரல் எழுப்பும்போது ஓடி வருபவர்கள் யார்? தமக்கெனத் தனித் தொழிலும் குடும்பமும் உள்ள தன்னார்வலர்கள். கெஸ்விக், பாட்டர்டேல், வாஸ்டேல் போன்ற இடங்களின் மலை மீட்புக் குழுக்கள் மக்களின் நன்கொடையைக் கொண்டே இயங்குகின்றன. மீட்கப்பட்டவரிடம் அவர்கள் கட்டணம் கேட்பதில்லை. உணவையும் உறக்கத்தையும் விட்டெழுந்து, இருளில் ஏறி, கால் முறிந்தவரை ஸ்டிரெச்சரில் வைத்து, பலர் மாறி மாறிச் சுமந்து இறக்குகின்றனர்.

2021 பிப்ரவரியில், கொரோனா ஊரடங்கு நிலவிய வேளையில், தடையை மீறி மலைமேல் கூடாரம் அடித்திருந்த ஒருவருக்கு நெஞ்சுவலி என்ற அழைப்பு பாட்டர்டேல் குழுவினருக்கு வந்தது. உதவச் சென்ற தன்னார்வலர் ஒருவர் ரெட் ஸ்கிரீஸ் மலைச்சரிவில் சுமார் 150 மீட்டர் கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் ஏற்பட்ட காயம் அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது. உதவி கேட்டவர் இதை விரும்பியிருக்க மாட்டார். ஆனால், சகோதரர்களே, ஒருவருடைய அலட்சியத்தின் விலையை அவரை அறிந்தேயிராத இன்னொருவர் செலுத்த நேர்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே

யமன் நாட்டவர் சிலர் வழியுணவு ஏதுமின்றி ஹஜ்ஜுக்கு வந்தனர். தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று கூறிக்கொண்டனர். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்தினர். இதனையொட்டியே வழியுணவைத் தேடிக்கொள்ளுமாறு பணிக்கும் இறைவசனம் (2:197) அருளப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. தம்மீது ஏற்றிக்கொள்ள வேண்டிய சுமையை அவர்கள் பிறர்மீது ஏற்றினர். அதற்குத் தவக்குல் என்று பெயரும் இட்டனர்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் அல்லாஹ்வைச் சார்ந்திருக்குமாறு கற்பித்தவர் நம் நபி (ஸல்) அவர்கள். ஹிஜ்ரத்தின்போது வழியறிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது முஸ்லிமும் அல்லர். இரண்டு ஒட்டகங்கள் முன்பே ஆயத்தமாக இருந்தன. அஸ்மா (ரலி) அவர்கள் வழியுணவைக் கட்டிக் கொடுத்தார்கள். ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கிய பின்னரே பயணத்தைத் தொடர்ந்தார்கள். அல்லாஹ்வின் பாதுகாப்பை அவர்களைவிட உறுதியாக நம்பியவர் யார்?

திரும்புவது இழிவன்று

குளிர்காலத்தில் ஹெல்வெலின் என்னும் 950 மீட்டர் மலைமீது ஒருவர் நாள்தோறும் ஏறி, பனியையும் காற்றையும் கணித்து அறிவிக்கிறார். இவ்வளவு பாடுபட்டுத் தரப்படும் செய்தியைப் படிக்காமல் புறப்படுவது அந்த உழைப்பை அவமதிப்பதாகும். வானிலை அறிதல், நீர்புகா மேலாடை, தலையில் அணியும் டார்ச் விளக்கு, வரைபடமும் திசைகாட்டியும், மிகுதியான உணவு, ஒரு விசில் ஆகியவை மலைப்பயணத்தின் வழியுணவாகும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது அங்கு அபாய அறிகுறி.

வானிலை மாறினால் திரும்பிவிட வேண்டும். மலை எங்கும் போய்விடாது. இடரில் சிக்கிவிட்டாலோ, வெட்கத்தால் அழைப்பைத் தாமதிக்கலாகாது. பகல் வெளிச்சத்தில் செய்யும் அழைப்பு, மீட்க வருவோரின் உயிருக்கும் பாதுகாப்பாகும். அவ்வாறு மீட்கப்பட்டவரை ஏளனம் செய்வதும் நமக்குத் தகாது. ஓர் உயிரைக் காப்பதன் மாண்பைத் திருக்குர்ஆன் (5:32) எவ்வளவு உயர்த்திக் கூறுகிறது என்பதை நாம் அறிவோம். குற்றம் யாருடையது என்று கேளாமல் இருளில் இறங்கி வரும் அந்தக் கரங்களுக்கு நாம் செய்யும் நன்றி, அவர்களை வீணாக அழைக்காதிருப்பதே.

எல்லாம் வல்ல அல்லாஹ், முறையாக முயன்று முழுமையாக அவனைச் சார்ந்திருக்கும் நல்லடியார்களாக நம்மை ஆக்குவானாக! நம்மால் எவரும் துன்புறாத வாழ்வை நமக்கு அருள்வானாக! ஆமீன்.