வாடகைக் காரும் பனிமலைக் கணக்கும்

பிரான்சு, சுவிற்சர்லாந்து, இத்தாலி, ஒஸ்திரியா முதலிய நாடுகளின் ஊடாக நீண்டு கிடப்பது அல்ப்ஸ் மலைத்தொடர். மார்கழி தொடக்கம் பங்குனி வரையும் அதன் சாரல்கள் வெண்பனியாற் போர்த்தப்பட்டிருக்கும். காலிலே சறுக்குக்கட்டைகளைப் பூட்டிக்கொண்டு அச்சரிவுகளில் வழுக்கிச் செல்லும் விளையாட்டிற்காக ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மக்கள் அங்கே செல்கின்றனர். முதலாவது குளிர்கால ஒலிம்பிக் விழா நடைபெற்றதும் அம்மலையடிவாரத்திலுள்ள சமோனி என்னும் பிரெஞ்சு நகரிலேதான். அது 1924ஆம் ஆண்டு. இன்று சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் நம்மவர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்களைக் காணச் செல்லும் உறவினர், பிள்ளைகளோடு ஒரு வாரம் பனிமலையிலே தங்கிவரத் திட்டமிடுவதும் உண்டு.

அவ்வாறு திட்டமிடுவோர் மனத்தில் முதலில் எழும் எண்ணம், விமானநிலையத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்பதாகும். விளம்பரத்திலே காணும் நாள் வாடகையும் மலிவாகவே தோன்றும். ஆனால் அந்தத் தொகை செலவுக் கணக்கின் முதல் வரி மாத்திரமே. அதன்கீழ் இன்னும் எத்தனை வரிகள் எழுதவேண்டும், அவற்றுள் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்பனவற்றையே இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இத்தொகைகள் எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் அல்ல. கணக்கின் வடிவத்தைக் காட்டுதற்காக நான் வைத்துக்கொண்டவை. நாள் வாடகை 40 யூரோ எனின், ஏழு நாட்களுக்கு 280 யூரோ. பனிக்கால ரயர், சங்கிலி ஆகியவற்றிற்கு 70. இரண்டாவது சாரதியின் பெயரைச் சேர்ப்பதற்கு 60. மேலதிகக் காப்புறுதிக்கு 140. எரிபொருளுக்கும் வீதிச் சுங்கத்திற்கும் 110. வண்டி தரிப்பிடத்திற்கு 100. கூட்டிப் பாருங்கள்: 760 யூரோ. விளம்பரத்திற் கண்ட தொகையின் இரண்டரை மடங்கிற்கும் மேலாகிவிட்டது. இனி ஒவ்வொரு வரியையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வாடகை. வாடகை நாள் என்பது பொதுவாக இருபத்துநான்கு மணித்தியாலம். காலை பத்து மணிக்கு எடுத்த வண்டியைக் கடைசி நாளன்று நண்பகலில் ஒப்படைத்தால், இரண்டு மணித்தியாலத் தாமதத்திற்கு ஒரு முழுநாள் வாடகை கேட்கப்படலாம். வண்டியை ஓட்டப்போகிறவர் ஒவ்வொருவரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும். பெயரில்லாத மைத்துனர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்புறுதி செல்லாது போகும். இருபத்தைந்து வயதிற்குக் குறைந்த சாரதிகளிடம் பல நிறுவனங்கள் மேலதிகக் கட்டணம் அறவிடுகின்றன. இங்கிருந்து செல்வோர் தமது சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் கொண்டுசெல்லுதல் நன்று. அன்றியும், அங்கே வண்டிகள் வீதியின் வலப்பக்கத்தாற் செல்வன என்பதையும், பனிவீதியிலே முதன்முதல் ஓட்டுவதற்கு அது தக்க தருணமா என்பதையும் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும்.

வண்டியை எங்கே எடுப்பது என்பதும் செலவை மாற்றும். ஜெனீவா விமானநிலையத்தில் சுவிஸ் பகுதி, பிரெஞ்சுப் பகுதி என இரண்டு உண்டு. பிரெஞ்சுப் பகுதியில் வாடகை பெரும்பாலும் குறைவாக இருக்கும். ஆயினும் சுவிஸ் பகுதியில் எடுக்கும் வண்டிக்குக் குளிர்காலத்தில் பனிக்கால ரயரும், நெடுஞ்சாலை வரியும் வழக்கமாக வாடகையுள் அடங்கியிருக்கும். பிரெஞ்சுப் பகுதியில் இவற்றைத் தனியே கேட்டுப் பெறவேண்டி வரலாம். ஆதலின், இரண்டு வாடகைகளை ஒப்பிடாமல், இரண்டு மொத்தங்களை ஒப்பிடுதலே முறை. ஒரு நாட்டில் எடுத்த வண்டியை மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்ல அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் முன்னரே எழுத்தில் அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, வீதி. சுவிற்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் ஓட வின்யெட் என்னும் வரிச்சீட்டு வேண்டும். அதன் விலை 40 பிராங்க். ஒரு நாள் ஓடினும் ஓராண்டு ஓடினும் விலை ஒன்றே. 2023ஆம் ஆண்டு தொடக்கம் அதனை இலத்திரனியல் முறையிலும் பெறலாம். அச்சீட்டின்றிச் சென்று பிடிபட்டால் குற்றப்பணம் 200 பிராங்க். ஒஸ்திரியாவிலே குறுகிய நாட்களுக்கான சீட்டும் உண்டு. ஆயினும் ஆள்பெர்க் சுரங்கம், பிரென்னர் நெடுஞ்சாலை போன்ற இடங்களில் அதற்கு மேலாகத் தனிச் சுங்கம் செலுத்தவேண்டும். பிரான்சிலும் இத்தாலியிலும் நெடுஞ்சாலைச் சுங்கம் பெரும்பாலும் செல்லும் தூரத்திற்கேற்ப அறவிடப்படுகிறது. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மொன் பிளாங் சுரங்கம் 1965ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 11.6 கிலோமீற்றர் நீளமுள்ள அச்சுரங்கத்தை ஒருமுறை கடக்கவே ஒரு காருக்கு 50 யூரோவுக்கு மேற் செல்லும்.

வீதிப்படத்தை நம்பித் தூரத்தைக் கணக்கிடுவோர் இன்னொன்றையும் நினைவில் வைத்தல் வேண்டும். உயர்ந்த கணவாய்கள் பல குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும். பிரான்சிலே வல் டிசேர் என்னும் ஊருக்கும் பொன்வல் என்னும் ஊருக்கும் இடையே இசெரான் கணவாய் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரமே. ஆனால் 2,764 மீற்றர் உயரமுள்ள அக்கணவாய் மாரியிலே பனியில் மூழ்கிக் கிடக்கும். அக்காலத்தில் கீழே பள்ளத்தாக்கிற்கு இறங்கி, 150 கிலோமீற்றருக்கு மேலாகச் சுற்றி வரவேண்டும். கோடைக்காலப் படத்தைப் பார்த்துப் போட்ட எரிபொருட் கணக்கு அங்கே பொய்த்துவிடும்.

மூன்றாவது, பனி. இது செலவுக் கணக்கில் ஒரு வரி மாத்திரமன்று, உயிர்க்கணக்கும் ஆகும். பனிக்கால ரயரின் இறப்பர் குளிரிலும் இறுகிவிடாது மென்மையாக இருந்து வீதியைப் பற்றிக்கொள்ளும். கோடை ரயரோ குளிரில் விறைத்து வழுக்கும். பிரான்சிலே 2021ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் தேதி தொடக்கம் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குறிக்கப்பட்ட மலைப்பிரதேசங்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, பனிக்கால ரயர் பூட்டியிருத்தல் வேண்டும். அன்றேல் சங்கிலியோ அதற்கீடான சாதனமோ வண்டியில் இருத்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கம், மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனிப்பூவும் பொறிக்கப்பட்ட ரயர்களே அங்கு பனிக்கால ரயராக ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. ஒஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரில் 15 வரை, வீதி பனிநிலையில் இருக்கும்போது பனிக்கால ரயர் கட்டாயம். சுவிற்சர்லாந்திலே பொதுவான கட்டாயம் இல்லை. எனினும் பொருத்தமற்ற ரயரோடு சென்று விபத்து விளைவித்தால் பொறுப்பு சாரதியைச் சாரும்.

ஆகவே, “பனிக்கால வசதியுள்ள வண்டி” என்று பொதுவாகச் சொல்லப்படும் சொல்லை ஏற்றுக்கொண்டு திருப்தியடைதல் கூடாது. நான்கு சில்லுகளிலும் அந்த மலைக்குறி இருக்கின்றதா, சங்கிலி அச்சில்லின் அளவிற்குப் பொருந்துமா என்பவற்றை விமானநிலையத் தரிப்பிடத்திலேயே பார்த்துவிடுங்கள். அங்கேயே ஒருமுறை சங்கிலியைப் பூட்டிக் கழற்றிப் பழகுவதும் நல்லது. இருட்டிலே, வளைவிலே, விரல் விறைக்கும் குளிரிலே அப்பாடத்தைத் தொடங்குதல் ஆபத்து.

நான்காவது, காப்புறுதி. வாடகையோடு சேர்ந்துவரும் காப்புறுதி பெரும்பாலும் முழுமையானதன்று. சேதம் நேரின், முதலில் ஒரு குறித்த தொகையை நாமே இறுக்கவேண்டும். கண்ணாடி, ரயர், வண்டியின் அடிப்பாகம் ஆகியன காப்புறுதியினின்றும் விலக்கப்பட்டிருத்தலும் உண்டு. பனிவீதியிலே கல் தெறிப்பதும், உறைந்த பனிக்கட்டியில் அடிப்பாகம் உராய்வதும் நிகழக்கூடியவையே. நாமே இறுக்கும் அத்தொகையை நீக்குவதற்கு நிறுவனத்தின் மேசையிலே விற்கப்படும் மேலதிகக் காப்புறுதி விலையுயர்ந்தது. அதனையே வேறொரு காப்புறுதி நிறுவனத்திடம் புறப்படுமுன் வாங்கினால் செலவு குறைவதுண்டு. ஆனால் அதில் நாம் முதலிற் பணத்தைச் செலுத்திப் பின்னரே மீளப்பெறுவோம். நாம் வதியும் நாட்டவருக்கு அது விற்கப்படுகின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். வண்டியை ஒப்படைக்கும்வரை கடனட்டையிலே ஒரு பெருந்தொகை பிணையாக நிறுத்திவைக்கப்படும். அத்தொகையை விடுமுறைச் செலவிற்கு நம்பியிருந்தால் கடையிலே வெட்கப்பட நேரும்.

இன்னொரு சிறு விடயம். வண்டியின் மீது பனி படிந்திருந்தால் பழைய கீறல்கள் கண்ணுக்குத் தெரியா. ஒப்பமிடுமுன் பனியைத் துடைத்துவிட்டு, நாற்புறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போதும் அவ்வாறே செய்யுங்கள். சறுக்குக்கட்டையின் கூரிய விளிம்பு ஆசனத்தைக் கிழிக்காதவாறு உறையிலிட்டு ஏற்றுதலும் வேண்டும்.

ஐந்தாவது, தரிப்பிடம். பலரும் மறந்துவிடும் வரி இது. மலையூர்களில் இடம் அருமை. நாட்கணக்கிற் கட்டணம் அறவிடப்படும். சில ஊர்களுள் கார் நுழையவே முடியாது. சுவிற்சர்லாந்தின் செர்மாட் அத்தகையது. அங்கு செல்வோர் 5 கிலோமீற்றர் கீழேயுள்ள டேஷ் என்னுமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் புகைவண்டியில் ஏறவேண்டும். வெங்கன் செல்வோர் லவுற்றர்புறுன்னனில் வண்டியை விட்டுச் செல்லவேண்டும். பிரான்சின் அவோரியாசும் கார் ஓடாத ஊரே. இவ்வூர்களிலே ஏழு நாள் தங்குவோர், ஏழு நாளும் ஓடாத வண்டிக்கு வாடகையும் கொடுத்து, அது நிற்கும் இடத்திற்கும் வாடகை கொடுக்கின்றனர்.

இங்கேதான் நாம் கேட்கவேண்டிய முதன்மையான கேள்வி எழுகிறது: எடுக்கும் வண்டி எத்தனை நாள் ஓடப்போகிறது? விமானநிலையத்திலிருந்து ஊருக்கு ஒருமுறை, ஊரிலிருந்து விமானநிலையத்திற்கு ஒருமுறை மாத்திரமே ஓடும் எனின், கார் அவசியமா என்பதை ஆராய்தல் வேண்டும். செர்மாட்டிற்குப் புகைவண்டி நேரே செல்கிறது. ஒஸ்திரியாவின் சங்க் அன்ரன் ஊரிலே புகைவண்டி நிலையம் சறுக்குச் சரிவுகளின் அருகிலேயே இருக்கிறது. பிரான்சின் பூர் சென் மொறீஸ் நிலையத்தில் இறங்குவோர், அங்கிருந்து கம்பியிழுக்கும் மலைவண்டியில் ஏறிச் சில நிமிடங்களில் ஆர்க் 1600 என்னும் சறுக்கூரை அடைந்துவிடலாம்.

மறுபுறத்தில், புகைவண்டிக்கும் பஸ்ஸிற்கும் கட்டணம் ஆளுக்கு ஆள் பெருகும். காரின் செலவோ ஆட்களுக்கிடையே பங்கிடப்படும். மேலே நாம் போட்ட 760 யூரோவை இருவர் பங்கிட்டால் தலைக்கு 380; ஐவர் பங்கிட்டால் 152. குழந்தைகளும் முதியோரும் உள்ள பெரிய குடும்பம், சரிவுகளுக்குத் தொலைவிலுள்ள பள்ளத்தாக்குக் கிராமத்தில் மலிவான வீடொன்றை எடுத்துத் தங்குமாயின், கார் தன் செலவைத் தானே மீட்டுத்தரவும் கூடும். நாள்தோறும் வெவ்வேறு சரிவுகளுக்குச் செல்ல விரும்புவோருக்கும் அஃது ஏற்றதே. இருவர் மாத்திரம் ஒரே ஊரில் தங்குவதாயின், புகைவண்டியே பெரும்பாலும் இலாபம்.

சனிக்கிழமையைத் தவிர்ப்பதும் ஒரு சிக்கனமாகும். மலையூர் விடுதிகளிற் பல சனி முதல் சனி வரையே வாடகைக்கு விடப்படுகின்றன. ஆதலின் அன்று வருவோரும் போவோரும் ஒரே வீதியில் நெருங்குவர். 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவையொட்டி அல்பெர்வில்லிலிருந்து மூத்தியேர் வரை வீதி விரிவாக்கப்பட்டது. எனினும் மாசி மாதப் பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைகளில் அவ்வீதியிலே வண்டிகள் மணிக்கணக்காக நிற்பதுண்டு. தாமதத்தால் விமானம் தவறினால், சேமித்த பணமெல்லாம் ஒரே நாளிற் கரைந்துவிடும். வேறு நாளிற் செல்ல இயலுமாயின் அவ்வாறு செய்யுங்கள். இயலாதாயின் விடியுமுன் புறப்படுங்கள்.

நேயர்களே, முடிவாக ஒன்று கூறுவேன். செலவு கைக்கு மீறுகிறது என்று கண்டால், முதலில் வண்டியின் அளவைக் குறையுங்கள். பின்னர் நாட்களைக் குறையுங்கள். அதற்கும் மேலாயின் காரையே விட்டுப் புகைவண்டியில் ஏறுங்கள். பனிக்கால ரயரையும் சங்கிலியையும் மாத்திரம் குறைக்கவேண்டாம். அந்த 70 யூரோவை மீதப்படுத்திய குடும்பம், ஓர் இறக்கத்திலே பிரேக்கை அழுத்தியும் வண்டி நில்லாதபோது, மீதத்தின் விலையை அறியும். புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து வாடகை, வீதி, பனி, காப்புறுதி, தரிப்பிடம் என்னும் ஐந்து தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றிற்கும் எதிரே தொகையை நிரப்புங்கள். ஐந்தும் நிரம்பிய பின்னரே வண்டியைப் பதிவு செய்யுங்கள்.