பழைய பிரிண்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், உங்களில் சிலர் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறீர்கள். அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "சார், பிரிண்டர் ஓடலையே, காயலான் கடையில போட்டுடலாமா?"

அவசரப்படாதீர்கள். பல வீடுகளில் இருக்கும் எச்.பி. லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கொள்வோம். அதை இயக்கும் ஃபர்ம்வேர் பிரிண்டருக்குள் தங்காது. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்பியாக வேண்டும். (கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான்.) மின்ட்டில் எச்.பி.லிப் என்ற மென்பொருள் கிடைக்கும். ஆனால் ஃபர்ம்வேர் தனி உரிமம் கொண்டது, அதோடு சேர்ந்து வராது. டெர்மினலில் ‘எச்பி-பிளகின்’ என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவே ஒரு கோடு போட்டு அடித்தால், நெட்டிலிருந்து இறங்கும்.

எச்.பி.லிப்பும் பிளகினும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். அப்டேட் போட்ட மறுநாள் பிரிண்டர் பேசாமல் உட்கார்ந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அதே கட்டளையை மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. வெளி மென்பொருளை நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்துவிட்டால் மொத்தக் கம்ப்யூட்டரும் அதன் கையில். பேங்க் வேலையும் அதில்தானே பார்க்கிறீர்கள்? ஏதோ வீடியோவில் வந்த கட்டளையை அப்படியே ஒட்டாதீர்கள். முதலில் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள், பிறகு தயாரித்தவர்களின் சொந்தத் தளத்தில்.

இப்போது உங்கள் பிரிண்டர் மாடல்களைச் சொல்லுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.