ஐந்து சரியானால் ஆறும் சரியா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சுவையாக ஏதாவது பேசச் சொன்னார்கள். நான் ஓர் எண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. "காலேஜ் முடிஞ்சும் கணக்கு விடலையாடா?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுத்துக்குங்க.

2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு தலா 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று வரும். ஐந்துமே பகா எண்கள். பிரான்சில் ஃபெர்மா என்ற கணித மேதை இருந்தார். இந்த வரிசை எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்தான் வரும் என்று 1640-இல் அவர் கருதினார். தம்மிடம் முழு நிரூபணம் இல்லை என்பதையும் நேர்மையாகக் கடிதத்தில் எழுதினார்.

ஆறாவது எண், 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1. நான் முதலில் சொன்னேனே, அதே எண்தான். 1732-இல் ஆய்லர் அதை இரண்டாக உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. ஃபெர்மாவின் நம்பிக்கை அங்கேயே முடிந்தது.

2, 3, 5 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனால் 641 வருவது 116-ஆவது தடவையில். ஆனால் ஆய்லர் பின்னாளில் ஒரு விதியை நிரூபித்தார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சே வகுத்தல்! கால்குலேட்டர்கூட வேண்டாம்.

நம் தொழிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? "அஞ்சு தடவை ஓட்டிப் பாத்தாச்சு சார், ஓ.கே., அனுப்பிடலாம்" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதே சோதனையை ஐம்பது தடவை செய்வதைவிட, உடைந்தால் எங்கே உடையும் என்று யோசித்து அந்த இடத்தில் ஐந்து தடவை தட்டிப் பார்ப்பது மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வரிசையில் ஆறாவது முதல் 33-ஆவது வரை 28 எண்களும் பகா எண்கள் அல்ல என்று இன்று தெரியும். "இனிமே ஒண்ணுகூட வராது" என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் நிரூபணம் கிடையாது. ஐந்தைப் பார்த்து நம்பியவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். 28-ஐப் பார்த்து நாமும் நம்புகிறோம்!

விடை சரியாக இருந்தாலும் "ஏன்?" என்று சிவப்பு மையில் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்த நம் கணிதப் பேராசிரியர்களை இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன்.