இரண்டு பேர் பேச்சும் ஒரே கோப்பில்

கர்ல் என்று ஒரு மென்பொருள் உண்டு. இணையத்தில் ஒரு முகவரியைச் சொன்னால் அங்கே இருப்பதை எடுத்துவந்து தரும். நாம் கொடுப்பதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். வேலை அவ்வளவுதான். பிரேசிலைச் சேர்ந்த ரஃபேல் சகுலா 1996-இல் எழுதிய ஒரு சின்னஞ்சிறு நிரலை, சுவீடன்காரரான டேனியல் ஸ்டென்பெர்க் எடுத்து வளர்த்தார். இணைய அரட்டையில் நாணய மாற்று விகிதம் சொல்லும் ஒரு தானியங்கியை அவர் செய்துகொண்டிருந்தார்; அதற்கு அன்றன்றைய விகிதம் தேவைப்பட்டது. 1998 மார்ச் 20-ஆம் தேதி அந்த நிரல் கர்ல் என்ற பெயரோடு வெளியானது. இன்று கைப்பேசி, தொலைக்காட்சி, கார் எனக் கோடிக்கணக்கான கருவிகளுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு கருவிக்குள் இருக்கும். உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இத்தனை இடங்களில் ஓடும் ஒன்றில் யாராவது ஒரு வரியை மாற்றினால், பழைய வேலை எதுவும் கெடவில்லை என்று எப்படி உறுதி செய்வது? அதற்காக அந்தத் திட்டத்தில் ஒரு கோப்பு வடிவம் வைத்திருக்கிறார்கள். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். மென்பொருள் உலகில் பெரிதாகப் புகழப்படாத, ஆனால் மிகவும் புகழத்தக்க ஒரு சிந்தனை அதில் இருக்கிறது.

கணக்குப் போடும் ஒரு நிரலைச் சோதிப்பது எளிது. இரண்டும் மூன்றும் கொடுத்தால் ஐந்து வருகிறதா என்று பார்த்துவிடலாம். வலையமைப்பில் பேசும் நிரல் அப்படியல்ல. எதிர்முனையில் சர்வர் என்ற இன்னொரு கணினி இருக்கிறது. அது என்ன பதில் சொல்லும், எப்போது சொல்லும், பாதியில் இணைப்பை அறுத்துவிடுமா என்பதெல்லாம் நம் கையில் இல்லை. நேற்று ஒழுங்காகப் பதில் சொன்ன சர்வர் இன்று தவறாகச் சொல்லலாம். அப்படிப்பட்ட தவறான பதில் வரும்போதுதான் நம் நிரலின் உண்மையான தரம் தெரியும். ஆனால் அந்தத் தவறான பதிலை, நாம் வேண்டும்போதெல்லாம் எங்கிருந்து வரவழைப்பது?

கர்ல் திட்டத்தார் கண்ட வழி இது. நாடக ஒத்திகைக்குப் பிரதி எழுதுவதுபோல, கர்ல், அதற்குப் பதில் சொல்லும் ஒரு போலிச் சர்வர் என்ற இரண்டு பாத்திரங்களின் வசனத்தையும் ஒரே கோப்பில் எழுதிவிடுவது. ஒரு சோதனைக்கு ஒரு கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கோப்புக்குள் கூர் அடைப்புக்குறிகளால் பிரித்த சில பகுதிகள் இருக்கும். எக்ஸ்.எம்.எல். என்ற கோப்பு வடிவம் போலத் தோன்றும். 'ரிப்ளை' என்ற பகுதியில் போலிச் சர்வர் சொல்ல வேண்டிய பதில் எழுத்துக்கு எழுத்து இருக்கும். 'கிளையன்ட்' பகுதியில் கர்லுக்குத் தரவேண்டிய கட்டளை. 'வெரிஃபை' பகுதியில், கர்ல் அந்தச் சர்வரிடம் என்ன பேசியிருக்க வேண்டும், எந்தப் பிழை எண்ணோடு முடிந்திருக்க வேண்டும் என்பது. இவற்றுக்கு முன்னால் 'இன்ஃபோ' என்ற பகுதியில் சில குறிச்சொற்கள்.

முதல் எண் கோப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு வலைப்பக்கத்தைக் கேட்டு வாங்கும் மிகச் சாதாரணமான சோதனை அது. சர்வர் சொல்லும் பதிலின் தலைப்பு வரிகளில், உள்ளடக்கம் ஆறு பைட் என்று அறிவிப்பு இருக்கும். உள்ளடக்கமாக வருவது இருபுறமும் ஒரு சிறு கோடு போட்ட, ஆங்கிலத்தில் மூன்றெழுத்தான 'ஃபூ' என்ற சொல். எண்ணிப் பார்த்தால் ஐந்துதானே என்று தோன்றும். வரி முடிவுக்கும் ஒரு பைட் உண்டு, ஆக ஆறு. இந்தக் கணக்கு ஒன்று தப்பினாலும் சோதனை தோற்றுப்போகும். கர்ல் அனுப்பும் கோரிக்கையும் இதே கண்டிப்போடு ஒப்பிடப்படுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சோதனை எந்தக் கணினியில் நடக்கிறது, போலிச் சர்வர் எந்த வாயிலில், அதாவது போர்ட்டில், காத்திருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே முகவரியையும் வாயில் எண்ணையும் நேரடியாக எழுதாமல், சதவீதக் குறி போட்ட மாறிகளாக எழுதுகிறார்கள். 'ரன்டெஸ்ட்ஸ்' என்ற பெர்ல் நிரல் கோப்பைப் படித்து, அந்த இடங்களை அப்போதைய மதிப்புகளால் நிரப்பி, சர்வரைக் கிளப்பி, கர்லை ஓடவிட்டு, கடைசியில் ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்கிறது. எந்தச் சோதனை நடக்கிறது என்று சர்வருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கர்ல் கேட்கும் முகவரியின் வால்பகுதியில் சோதனை எண் இருக்கிறது. அதைப் பார்த்து, சர்வர் அதே கோப்பைத் திறந்து தன் வசனத்தை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! பெரும்பாலான சோதனைகளுக்கு வெளி இணையம் தேவையில்லை. எல்லாம் ஒரே கணினிக்குள் நடந்து முடிகிறது.

இந்த ஏற்பாட்டின் பெருமை, சர்வர் தவறாக நடக்க வேண்டிய இடத்தில்தான் தெரிகிறது. நூறு பைட் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு நாற்பதோடு இணைப்பை மூடும் சர்வர் வேண்டுமா? பதிலில் நூறு என்று எழுதிவிட்டு, நாற்பது மட்டும் வைத்தால் போதும். கர்ல் 18 என்ற பிழை எண்ணைத் திருப்பித்தர வேண்டும். வந்தது அரைகுறை என்று அதற்குப் பொருள். கோப்புப் பரிமாற்றச் சர்வர் ஒரு கட்டளையைத் தெரியாது என்று மறுக்க வேண்டுமா? சர்வருக்கான கட்டளைப் பகுதியில் ஒரே வரி போதும். கர்ல் உடனே அதற்கு முந்தைய பழைய கட்டளைக்கு மாறிக்கொள்கிறதா என்று பார்த்துவிடலாம். நிஜ இணையத்தில் என்றோ ஒருநாள் நடக்கும் விபத்து, இங்கே ஒவ்வொரு முறையும் தவறாமல் நடக்கிறது.

பொதுவான சோதனைகளுக்கு, கர்ல் எழுதப்பட்ட சி மொழியில் புதிதாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை என்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒரு பிழையைக் கண்டவர் கர்லின் உள்ளமைப்பை அறிந்திருக்க வேண்டியதில்லை. சர்வர் இப்படிச் சொன்னது, கர்ல் இப்படி நடந்திருக்க வேண்டும் என்று எழுதத் தெரிந்தால் போதும். அந்தக் கோப்பு, கர்லின் உள்ளே எழுதப்பட்டதெல்லாம் மாறினாலும் அப்படியே செல்லுபடியாகும். சோதிப்பது உள்ளே இருப்பதை அல்ல, வெளியே கேட்கும் பேச்சை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இத்தகைய கோப்புகள் சேர்ந்திருக்கின்றன.

ஒருமுறை எழுதிய கோப்பைப் பல விதமாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நினைவகத்தை நிரல் எப்படிக் கையாள்கிறது என்று கவனிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவியின் கண்காணிப்பிலும் அதே சோதனையை ஓட்டலாம். 'டார்ச்சர்' என்று ஒரு முறையும் உண்டு. முதலில் சோதனையைச் சும்மா ஓட்டி, கர்ல் எத்தனை தடவை நினைவகம் கேட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். பிறகு முதல் கோரிக்கையை மறுத்து ஒரு முறை, இரண்டாவதை மறுத்து ஒரு முறை என்று கடைசிவரை போவார்கள். எந்த இடத்தில் மறுத்தாலும் கர்ல் நொறுங்கக் கூடாது; வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வெளியேறவும் கூடாது. இவ்வளவு பொறுமை எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் தப்பியது ஒன்று உண்டு. 2020-இல் வெளியான பதிப்பில், சாக்ஸ்-5 என்ற இடைத்தரகு முறைக்கான பகுதியை ஸ்டென்பெர்க் மாற்றி எழுதினார். அந்த முறையில் கணினிப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. அதைவிட நீளமான பெயர் வந்து, தரகு சர்வரும் மெதுவாகப் பதில் சொன்னால், நீளத்தைத் தடுக்கும் முடிவு நடுவழியில் மறந்துபோகும். பெயர், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் வழிந்துவிடும். தீய நோக்கமுள்ள ஒரு சர்வர், இன்ன பெயருள்ள கணினிக்குப் போ என்று திருப்பிவிட்டே இதைத் தூண்ட முடியும். மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2023 அக்டோபர் 11 அன்று திருத்திய பதிப்பு வந்தது. தவறு தன்னுடையதுதான் என்றும், நல்ல சோதனைகள் இருந்திருந்தால் அகப்பட்டிருக்கும் என்றும் அவரே வெளிப்படையாக எழுதினார்.

குறை கோப்பு வடிவத்தில் இல்லை. சர்வர் இவ்வளவு நீளமான பெயரைச் சொல்லும் என்று யாரும் ஒரு வசனம் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். திருத்தத்தோடு 728 என்ற எண்ணில் ஒரு புதிய கோப்பும் வந்தது. அதில் சர்வர், அளவுக்கு மீறி நீண்ட ஒரு பெயருக்குத் திருப்பிவிடுகிறது. கர்ல் அதை ஏற்க மறுத்து, 97 என்ற பிழை எண்ணோடு நிற்க வேண்டும்.

கணினி படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கர்லின் மூலநிரல் யாரும் எடுத்துப் படிக்கக் கூடியது. அதில் சோதனைகளுக்கான அடைவுக்குள், 'டேட்டா' என்ற உள்ளடைவில் இந்தக் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. நூறுக்குள் இருப்பவற்றில் வலைப்பக்கம் கேட்கும் சோதனைகள் அதிகம், அடுத்த நூறில் கோப்புப் பரிமாற்றம், எண்ணூறுகளில் மின்னஞ்சல். பாடப்புத்தகத்தில் ஒரு நெறிமுறையைப் படித்த அன்றே, அதற்கான இரண்டு மூன்று கோப்புகளையும் திறந்து படியுங்கள். சர்வரும் கிளையன்டும் வரிக்கு வரி எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது அங்கே முழுசாக இருக்கிறது. படித்த பிறகு, பதிலில் ஓர் எண்ணை மாற்றிவிட்டுச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்பதை ஒப்பிட்டு, எந்த வரியில் வேறுபாடு என்று ரன்டெஸ்ட்ஸ் காட்டிவிடும்.